சால்மன் மீன்: தோல் மொறுமொறுக்க, சதை ஈரமாக இருக்க

ஆளுக்கு 160 கிராம் துண்டு போதும். முள்ளை இடுக்கியால் பிடுங்கி, தோலைக் கத்தியின் முதுகால் வழித்து, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். ஈரத் தோல் வாணலியில் ஒட்டிக் கிழியும். பெரும்பாலான தவறு இங்கேதான் தொடங்குகிறது. 10 நிமிடம் முன்பே உப்புத் தடவி, கசியும் நீரை மறுபடி ஒற்றுங்கள்.

எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் தோல் கீழே இருக்கும்படி வையுங்கள். தோல் சுருங்கித் துண்டு வளையும். தோசைத்திருப்பியால் 20 விநாடி அழுத்திப் பிடித்து, தீயைக் குறைத்து, அசைக்காமல் விடுங்கள். பக்கவாட்டில் நிறம் வெளிறிக்கொண்டே மேலேறும். முக்கால் பங்கு ஏறியதும் திருப்பிப் போட்டு ஒரு நிமிடம்.

தெர்மாமீட்டர் நடுச்சதையில் 50 டிகிரி செல்சியஸ் காட்டினால் இறக்குங்கள். தட்டிலும் சூடு கொஞ்சம் ஏறும். கர்ப்பிணிகள், முதியவர்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு 63 டிகிரி கட்டாயம், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வெள்ளையாகத் திரண்டு கசிவது கொழுப்பல்ல, புரதம். நிறையக் கசிந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

சாஸைத் தட்டில் பரப்பி, தோல் மேலே தெரிய மீனை அதன்மேல் வையுங்கள். தோல்மேல் ஊற்றினால் மொறுமொறுப்பு மேசைக்குப் போவதற்குள் நமத்துவிடும். தட்டைச் சூடாக வைத்திருக்கும் ஹீட் லாம்ப் விளக்கின் அடியில் காத்திருக்க விடாதீர்கள். மீன் அங்கேயும் வெந்துகொண்டேதான் இருக்கும்.