ரன்னிங் பேக்கின் மதிப்பைக் கணிப்பது எப்படி?

குந்தாரப்பள்ளி சந்தைக்கு உழவு மாடு வாங்கச் செல்பவர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்லிவிடுவார்; விவரம் தெரிந்தவரோ அதோடு நிற்காமல், நுகத்தடி அழுத்திய கழுத்துக் காய்ப்பையும் தடவிப் பார்த்த பிறகே துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவார். செப்டம்பர் மாத ஞாயிறு இரவுகளில் பத்தரை மணிக்குக் கண்விழித்து அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கியிருக்கும் கிருஷ்ணகிரி இளைஞர்கள், பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்கைக் கணிக்கவும் இதே முறையைக் கைக்கொள்ளலாம். மனிதரை மாட்டோடு ஒப்பிடுவது நயமன்று, ஆனால் என்.எஃப்.எல். என்னும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரில் ஆடும் அணிகளின் நிர்வாகங்கள் அவரை ஏறத்தாழ அப்படித்தான் பார்க்கின்றன.

எனவே வயதைப் பார்ப்பதற்கு முன், அவர் இதுவரை எத்தனை முறை பந்தைச் சுமந்திருக்கிறார் என்று பாருங்கள். கபடியில் பாடிச் செல்பவர் பிடிபடாமல் திரும்பி வரவும் வாய்ப்புண்டு. ரன்னிங் பேக்கின் ஓட்டமோ பெரும்பாலும் யாரேனும் அவரைத் தரையில் சாய்ப்பதோடுதான் முடிகிறது. எம்மிட் ஸ்மித் 15 பருவங்களில் 4,409 முறை சுமந்தார் என்பது விதிவிலக்கு; ரன்னிங் பேக்காக ஆடுபவரின் சராசரி ஆட்டக்காலமாக வீரர்கள் சங்கத்தின் பெயரால் சொல்லப்படும் கணக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுதான்.

ஒரே பருவத்தில் 350 முறைக்கு மேல் சுமந்தவரை அடுத்த ஆண்டு ஐயத்தோடு அணுகுவது நல்லது. டெரல் டேவிஸ் 1998-இல் 392 முறை ஓடி 2,008 கெஜம் கடந்தார். மறு பருவத்தின் நான்காவது ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. லாரி ஜான்சன் 2006-இல் 416 முறை சுமந்தார். அடுத்த பருவம் எட்டே ஆட்டங்களில் முடிந்தது. டெரிக் ஹென்றியும் 2020-இல் 378 முறை ஓடியபின் மறு ஆண்டு பாதம் முறிந்தவர்தான். எனினும் அவர் மீண்டு வந்து, 30 வயதில், 2024 பருவத்தில் 1,921 கெஜம் ஓடினார். முதல் இரு பருவங்களில் அவர் மொத்தம் 286 முறைதான் சுமந்தார் என்பதும் இதற்குத் துணைநின்றிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அடுத்து ஒப்பந்தத்தைப் படியுங்கள். அநியாயம் இருப்பது இங்கேதான். 2011-இல் அணி உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டில் வந்த விதிப்படி, டிராஃப்ட் என்னும் ஆண்டுதோறும் நடக்கும் வீரர் தேர்வில் எடுக்கப்படும் புதியவரின் முதல் ஒப்பந்தம் நான்காண்டுக்கானது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை ஐந்தாம் ஆண்டும் நிறுத்திக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. அதன் பிறகும், வேறு அணிக்குப் போகவிடாமல் தடுக்கும் ஃபிரான்சைஸ் டேக் என்னும் கயிற்றால் ஓராண்டு கட்டிவைக்கலாம். 22 வயதில் வருபவர் இவற்றையெல்லாம் கடந்து தன் விலையைத் தானே பேசும்போது, கால்களின் நல்ல காலம் குறைந்த கூலிக்கே கழிந்திருக்கும். லீவியான் பெல் இதை எதிர்த்து 2018 பருவம் முழுவதும் ஆடாமல் இருந்து, ஏறத்தாழ 1.45 கோடி டாலரை இழந்தார். அதே ஆண்டு 5.75 கோடி டாலருக்கு நான்காண்டு நீட்டிப்புப் பெற்ற டாட் கர்லியை, 2020 மார்ச்சில், 25 வயதிலேயே அவருடைய அணி விடுவித்துவிட்டது. ஆகவே அறிவிக்கப்படும் மொத்தத் தொகையை நம்பாமல், உறுதியளிக்கப்பட்ட தொகை எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

பந்தைப் பிடிக்கும் திறனும் எதிராளியைத் தடுக்கும் திறனும் உள்ளவருக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

கடைசியாக, அவருக்கு முன்னே நின்று வழி திறந்துவிடும் தடுப்பாளர்களைக் கவனியுங்கள். சேக்வான் பார்க்லி 2023-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்காக 962 கெஜம் ஓடினார். ஓட்டத்துக்குச் சராசரி 3.9 கெஜம். மறு ஆண்டு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்கு மாறி, அங்கிருந்த வலுவான தடுப்பு வரிசையின் பின்னால் 2,005 கெஜம் ஓடினார், சராசரி 5.8. ஆள் அவரேதான்; வயது ஒன்று கூடியிருந்தது.