ஐந்து நட்சத்திரம் எந்த இருக்கைக்கு? குடும்பத்துக்கு எஸ்.யூ.வி. தேர்ந்தெடுக்கும் முறை

ஷோரூமில் கால் வைத்ததும் விற்பனையாளர் சொல்லும் முதல் வாக்கியம், "ஃபைவ் ஸ்டார் சேஃப்டி சார்." அதோடு பாதுகாப்பைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. பிறகு சன்ரூஃப், திரையின் அளவு, மாதத் தவணை. அந்த நட்சத்திரங்கள் பொய்யில்லை. ஆனால் அவை வண்டியின் எந்த இருக்கையைப் பற்றிப் பேசுகின்றன என்று யாரும் கேட்பதில்லை. தாத்தா பாட்டி முதல் பேரக்குழந்தை வரை ஏற்றிச்செல்ல வண்டி தேடுபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். முதன்முறையாக எஸ்.யூ.வி. வாங்குவோருக்காக, இந்தியாவில் விற்கும் வண்டிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: யாருக்கு எந்த இடம் என்று வரையுங்கள்

ஒரு தாளில் வண்டியின் வரிசைகளைக் கட்டங்களாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர், வயது, உயரம் எழுதுங்கள். அன்றாடப் பயணத்துக்கு ஒரு படம், குலதெய்வக் கோயிலுக்கு எல்லோரும் கிளம்பும் நாளுக்கு இன்னொரு படம். இரண்டாவது படம் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் தேவைப்படுகிறது என்றால், ஐந்து இருக்கை கொண்ட நல்ல வண்டியை வாங்கி, கோயிலுக்கு வேன் அமர்த்திக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. மூன்றாவது வரிசைக்காகச் செய்யும் செலவை அதைவிடப் பயனுள்ள இடத்தில் போடலாம். அது எந்த இடம் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்தத் தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு படியிலும் இது வேண்டும்.

படி 2: நட்சத்திரத்தை விட்டு மதிப்பெண்ணைப் பாருங்கள்

இந்தியாவின் சொந்த விபத்துச் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்திய வண்டிகளைச் சோதித்து வந்தது. பாரத் என்கேப்பில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32 மதிப்பெண், குழந்தைகள் பாதுகாப்புக்கு 49. ஐந்து நட்சத்திரம் பெற முறையே 27, 41 வேண்டும். வண்டி 64 கி.மீ. வேகத்தில் முன்பக்கத் தடுப்பில் மோதவிடப்படுகிறது. பக்கவாட்டு மோதல் 50 கி.மீ. வேகத்தில், கம்பத்தில் மோதும் சோதனை 29 கி.மீ. வேகத்தில்.

இப்போது உங்கள் தாளை எடுங்கள். முன்பக்க மோதலில் பெரியவர்கள் அளவுள்ள பொம்மைகள் இருப்பது ஓட்டுநர் இருக்கையிலும் அதன் பக்கத்து இருக்கையிலும் மட்டுமே. பின்னால், குழந்தை இருக்கைகளில், ஒன்றரை வயதுக் குழந்தை அளவில் ஒன்றும் மூன்று வயது அளவில் ஒன்றும் வைக்கிறார்கள். இரண்டாம் வரிசையில் பாட்டி உட்காரும் இடத்தில் யாரும் இல்லை. மூன்றாம் வரிசையில் ஒருவரும் இல்லை. எட்டு வயதுப் பையனும் அந்தச் சோதனையில் இல்லை. உங்கள் குடும்பத்தில் பாதிப்பேரைப் பற்றி நட்சத்திரம் நேரடியாக எதுவும் சொல்லவில்லை என்று இதற்குப் பொருள். உடற்கூடு உறுதியானது என்ற தகவல் எல்லோருக்கும் பயன்படும். மீதியை நீங்களேதான் பார்க்க வேண்டும்.

சோதனை அறிக்கையைத் திறந்தால் மூன்று இடங்களில் நில்லுங்கள். முதலில், பெரியவர், குழந்தை என்ற இரண்டு மதிப்பீடுகளையும் தனித்தனியாகப் பாருங்கள். 2022 டிசம்பரில் குளோபல் என்கேப் வெளியிட்ட மஹிந்திரா ஸ்கார்பியோ-என் முடிவில் பெரியவர்களுக்கு ஐந்து நட்சத்திரம், குழந்தைகளுக்கு மூன்று. விளம்பரத்தில் எது பெரிய எழுத்தில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்து, சோதனை நடந்த ஆண்டு. குளோபல் என்கேப் 2022 ஜூலையில் விதிகளைக் கடுமையாக்கியது. அதற்கு முன் பெரியவர்களுக்கான மொத்த மதிப்பெண் 17, பிறகு 34. எனவே 2021இல் வாங்கிய ஐந்தும் 2024இல் வாங்கிய ஐந்தும் ஒன்றல்ல. கடைசியாக, அந்த மதிப்பீடு நீங்கள் வாங்கப்போகும் வேரியன்டுக்குப் பொருந்துமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

உயரமாக, முரட்டுத்தனமாக இருந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதே மஹிந்திராவின் பொலேரோ நியோ 2024இல் குளோபல் என்கேப் சோதனையில் ஒற்றை நட்சத்திரம்தான் பெற்றது. தோற்றத்துக்கு மதிப்பெண் கிடையாது.

இன்னொன்று. நூறு கி.மீ. வேகத்தில் போகும் வண்டியில் இருக்கும் இயக்க ஆற்றல், 64 கி.மீ. வேகத்தில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. நான்குவழிச் சாலையில் நாம் சாதாரணமாகப் போகும் வேகத்தில் எந்த வண்டியும் இங்கே சோதிக்கப்படவில்லை.

படி 3: பின் இருக்கையில் நீங்களே உட்காருங்கள்

ஷோரூமில் அப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்ப்பார். பின்னால் யாரும் ஐந்து நிமிடம்கூட உட்காருவதில்லை. நீங்கள் உட்காருங்கள்.

ஒவ்வோர் இருக்கையிலும் பெல்ட்டை இழுத்து மாட்டுங்கள். நடு இருக்கை உட்பட எல்லாவற்றுக்கும் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் இருக்க வேண்டும். பழைய வண்டி வாங்குவோர் இதைக் கட்டாயம் கவனியுங்கள். நடுவில் இடுப்பை மட்டும் பிடிக்கும் பெல்ட் பல மாடல்களில் இருந்தது. கொக்கி இருக்கை மடிப்புக்குள் புதைந்துகொள்கிறதா, கைவிரல் வலிமை குறைந்த பாட்டியால் தனியாக மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். மாட்டக் கடினமான பெல்ட்டை யாரும் மாட்டுவதில்லை. தலைச்சாய்வு அவரவர் தலை உயரத்துக்கு ஏறுகிறதா என்பதும் முக்கியம். கழுத்துக்குக் கீழே நிற்கும் தலைச்சாய்வு, பின்னாலிருந்து மோதல் வந்தால் உதவாது.

2022 செப்டம்பரில் மும்பை – அகமதாபாத் நெடுஞ்சாலையில் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அது விலை உயர்ந்த சொகுசு எஸ்.யூ.வி. முன் இருக்கையில் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தனர். பின் இருக்கையில் இருந்த இருவரும் இறந்தனர். அவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. எனவே பின் இருக்கைக்கும் பெல்ட் எச்சரிக்கை ஒலி உள்ள வண்டியாகப் பாருங்கள். அது எரிச்சலூட்டும் ஒலிதான். எரிச்சலூட்டட்டும்.

மூன்றாம் வரிசை வேண்டுமென்றால், அங்கே உட்கார்ந்து கையைப் பின்னால் நீட்டிப் பின்கதவைத் தொட்டுப் பாருங்கள். தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாணுக்கும் குறைவாக இருக்கும் வண்டிகள் உண்டு. பின்னால் வரும் லாரி பிரேக் பிடிக்கத் தவறினால் நசுங்குவதற்கு அங்கே வேறு இடமே இல்லை. கூரையோரத்திலிருந்து இறங்கும் கர்ட்டன் ஏர்பேக் எல்லா மாடல்களிலும் மூன்றாம் வரிசை வரை நீள்வதில்லை. கேளுங்கள். பக்கவாட்டில் பார்த்தபடி எதிரெதிரே உட்காரும் பெஞ்ச் கொண்ட வண்டியைக் குடும்பத்துக்கு வாங்கவே வேண்டாம்.

படி 4: குழந்தை இருக்கையை ஷோரூமுக்கே எடுத்துச் செல்லுங்கள்

வீட்டில் ஏற்கெனவே சைல்ட் சீட் இருந்தால் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை. இரண்டாம் வரிசையில் முதுகுச்சாய்வும் உட்காரும் மெத்தையும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். அவைதான் ஐசோஃபிக்ஸ். சீட்டை அவற்றில் அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பெரும்பாலான சீட்டுகளில் சிறு குறிகாட்டி சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். பிறகு சீட்டின் அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடினால் சரியாகப் பொருந்தவில்லை. சைல்ட் சீட்டின் உச்சியிலிருந்து வரும் மேல் வாரை மாட்டும் கொக்கி, பெரும்பாலும் வண்டி இருக்கையின் முதுகுச்சாய்வுக்குப் பின்புறம் இருக்கும். டிக்கியில் பொருள்களைக் கட்டும் வளையத்தை அதுவென்று நினைத்து மாட்டிவிடாதீர்கள். நங்கூரக் குறி உள்ளதுதான் சரியானது.

பின்னோக்கிப் பார்க்கும் சீட்டை முன் இருக்கையில் வைப்பதாக இருந்தால், அந்த ஏர்பேக்கை அணைக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். விரியும் ஏர்பேக் குழந்தையின் தலைப்பக்கம் நேராக அடிக்கும். சைல்ட் சீட்டைத் தாண்டி வளர்ந்த பிள்ளைக்கு, உட்காரும் உயரத்தைக் கூட்டும் பூஸ்டர் இருக்கை வேண்டும். பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோள் எலும்பின் மேலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின் மேலும் படியும் உயரம் வரும்வரை பூஸ்டர்தான். ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு 135 முதல் 150 செ.மீ. வரை இதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். மடியில் வைத்துக்கொள்வது எந்த வயதிலும் பாதுகாப்பில்லை. மோதும் கணத்தில் பத்துக் கிலோ குழந்தையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

படி 5: பணத்தை எங்கே போடுவது

எஸ்.யூ.வி. உயரமானது. உயரம் கூடினால் திடீரென ஒடிக்கும்போது கவிழும் வாய்ப்பும் கூடும். மாடு குறுக்கே வந்தால், எதிர்த்திசையில் இருசக்கர வாகனம் வந்தால், நாம் அப்படித்தான் ஒடிக்கிறோம். அந்த நேரத்தில் சக்கரங்களுக்குத் தனித்தனியே பிரேக் கொடுத்து வண்டியை நிலைப்படுத்துவது இ.எஸ்.சி. இது இல்லாத எஸ்.யூ.வி. எனக்கு வேண்டாம். அடுத்து ஆறு ஏர்பேக். இந்தியாவில் ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் திட்டம் இருந்தது. 2023இல் அரசு அதைக் கைவிட்டதால், அடிப்படை வேரியன்டில் எத்தனை உள்ளன என்று நீங்கள்தான் எண்ண வேண்டும். சன்ரூஃபுக்காக ஒரு வேரியன்ட் மேலே போகிறவர்கள், அந்தத் தொகையை இந்த இரண்டுக்கும் நல்ல டயருக்கும் போட்டால் வண்டி வேறு வண்டியாகிவிடும்.

ஏடாஸ் எனப்படும் தானியங்கி உதவிகளில் அவசரகால பிரேக் உண்மையிலேயே பயனுள்ளது. லேன் காக்கும் உதவி, கோடே அழிந்துபோன சாலையில் என்ன செய்யும்?

படி 6: டெஸ்ட் டிரைவுக்கு முன் ஒரு வாளி

உயரமான பானெட்டுக்கு முன்னால் நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. பின்பக்கமும் அப்படித்தான். ஒரு வாளியை வண்டிக்கு முன்னால் வைத்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து அதன் விளிம்பு தெரியும்வரை ஒருவரைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பின்புறமும் இதையே செய்யுங்கள். வீட்டில் ஓட்டப்போகும் எல்லோரும், முக்கியமாக உயரம் குறைந்தவர், உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு வண்டிகளுக்கு நடுவே முடிவெடுக்கத் திணறுகிறவர்களுக்கு, தரையில் அந்த இரண்டு வாளிகளும் எங்கே போய் நிற்கின்றன என்பதே பதில் சொல்லிவிடும்.

படி 7: ஆக்சசரீஸ் பட்டியலும் டெலிவரி நாளும்

வாங்கிய பாதுகாப்பை நாமே பிரித்துப்போடும் கட்டம் இது. முன்பக்க பம்பருக்கு மேல் பொருத்தும் இரும்பு கார்டு வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்குத் தடை விதித்தது. மோதலின் விசையை வேறு பக்கம் திருப்பி ஏர்பேக் சென்சாரின் கணக்கைக் கெடுக்கும், எதிரே நடந்து வருபவரின் காலை முறிக்கும். சீட் கவர் போடுவதற்கு முன் முன் இருக்கையின் வெளிப்புற ஓரத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே 'ஏர்பேக்' என்று பொறித்த சிறு பட்டை தைக்கப்பட்டிருந்தால், பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தையலைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும். அதன்மேல் தடித்த ரெக்சின் கவர் போட்டால் வழி அடைபடும். அதற்கென இடைவெளி விட்ட கவர் கிடைக்கிறது.

பெல்ட் எச்சரிக்கையை ஏமாற்றும் போலிக் கொக்கிகளை விற்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டது. யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

டெலிவரி எடுக்கும்போது மாலை போட்டுப் படம் பிடிப்பதற்கு முன் எல்லா பெல்ட்டையும் ஒருமுறை மாட்டிக் கழற்றுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். ஐந்து டயரிலும் பாருங்கள், ஸ்டெப்னியை விட்டுவிடாதீர்கள்.