பிரசவ அறையில் குழந்தையின் துடிப்பைக் கேட்கும்போது நேரும் தவறுகள்

இரண்டு வலிகளுக்கு நடுவே டாப்ளரை (வயிற்றின் மேல் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கருவி) வைத்து, பதினைந்து விநாடி கேட்டு, நான்கால் பெருக்கி "140" என்று எழுதிவிட்டு நகர்வதுதான் அதிகம் நடக்கிற தவறு. அந்த 140 பொய்யல்ல, ஆனால் கேட்ட நேரம் தவறு. கருப்பை இறுகும்போது நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. தெம்புள்ள குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்து திணறும் குழந்தைக்கோ, வலி உச்சத்தைத் தாண்டிய பிறகு துடிப்பு இறங்கும். வலி விட்ட பின்னும் சற்றுத் தாமதமாகவே பழைய நிலைக்கு ஏறும். அடுத்த ஓரிரு நிமிடத்தில் கேட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

அதனால் ஒரு கை வயிற்றின் மேல் இருக்கட்டும். இறுக்கம் தளரத் தொடங்கியதும் கருவியை வைத்து முழுதாக 60 விநாடி கேளுங்கள். வலி நன்றாகப் பிடித்த முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. பனிக்குடம் உடைந்த கணத்தில், முறை வரும்வரை காத்திருக்காமல் உடனே கேட்க வேண்டும். தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் நழுவி இறங்கியிருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது துடிப்புதான்.

தாயின் நாடியைக் குழந்தையின் துடிப்பு என்று எண்ணிவிடுவது இன்னும் ஆபத்தானது. முக்கும்போது தாயின் நாடி 120, 130 என்று ஏறும். டாப்ளரும், துடிப்பையும் வலியையும் தாளில் வரையும் சிடிஜியும் யாருடைய துடிப்பு என்று பார்ப்பதில்லை, கிடைத்ததைக் காட்டும். மணிக்கட்டில் விரல் வைத்து, காதில் கேட்கும் துடிப்போடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே அடித்தால் நீங்கள் கேட்பது தாயின் நாடி. கருவியை நகர்த்தித் தேடுங்கள். ஒவ்வொரு முக்கலுக்கும் வரைபடத்தில் துடிப்பு அழகாக மேலேறினால் நிம்மதி அடையாதீர்கள், சந்தேகப்படுங்கள். அந்தக் கட்டத்தில் குழந்தையின் துடிப்பு பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும்.

நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு என்ற வரம்பும் ஏமாற்றும். காலையில் 120 இருந்த குழந்தைக்கு மாலையில் 155 என்றால் அது வரம்புக்குள்தான், ஆனால் ஏறியிருக்கிறது. தாய்க்குக் காய்ச்சலா, நீர் வற்றியிருக்கிறதா, தொற்றா என்று தேட வேண்டும். முந்தைய எண்களைத் திருப்பிப் பார்க்காமல் இது கண்ணில் படாது.

சிடிஜியில் கோடு தட்டையாக ஓடினால் அதுவே திணறல் அல்ல. தூங்கும் குழந்தைக்கு 50 நிமிடம் வரை அப்படி இருக்கலாம். வலி குறைக்கும் பெத்திடின், வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் கொடுத்த பிறகும் அப்படி ஆகும். தட்டைக் கோட்டோடு, வலிக்குப் பின் தாமதமான இறக்கங்களும் திரும்பத் திரும்ப வந்தாலோ, 50 நிமிடத்தைத் தாண்டியும் கோடு தட்டையாகவே நீடித்தாலோ கவலை. தாளின் வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 1 சென்டிமீட்டரில் பழகிய கண், 3 சென்டிமீட்டரில் ஓடிய தாளைப் படித்தால் நல்ல ஏற்ற இறக்கம்கூடத் தட்டையாகத் தெரியும்.

குழந்தை உள்ளேயே மலம் கழித்துப் பனிக்குட நீர் பச்சையாக இருந்தால் கண்காணிப்பைக் கூட்ட வேண்டும். அதை மட்டும் வைத்துக் கத்தியை எடுக்கக் கூடாது. நீர் தெளிவாக இருப்பதால் அசட்டையாக இருக்கவும் கூடாது.

துடிப்பு இறங்கியதும் பலர் முதலில் ஆக்சிஜன் முகமூடியைத் தேடுகிறார்கள். தாயின் ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தால் அதனால் குழந்தைக்கு நன்மை என்பதற்குச் சான்று இல்லை. முதலில், வலியைக் கூட்டக் கொடுக்கும் ஆக்சிடோசின் சொட்டை நிறுத்துங்கள். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் குழந்தைக்கு மூச்சுவிட இடைவெளியே இல்லை. தாயை இடப்பக்கம் திருப்புங்கள். வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசி போட்டிருந்தால் ரத்த அழுத்தம் விழுந்திருக்கிறதா பாருங்கள். கொடி இறங்கியிருக்கிறதா என்று உள்பரிசோதனை செய்யுங்கள். இறங்கிய துடிப்பு 3 நிமிடமாகியும் ஏறவில்லை என்றால் மூத்த மருத்துவரைக் கூப்பிடுங்கள். கொடி நழுவல், நஞ்சுக்கொடி பிரிதல், கருப்பை கிழிதல் என்று தெரிந்தால் அந்த 3 நிமிடமும் கிடையாது, உடனே பிரசவத்தை முடிக்க வேண்டும்.

அறுவை அரங்குக்குப் போய்ச் சேர்ந்ததும் கத்தி வைக்குமுன் துடிப்பை மறுபடி கேளுங்கள். சொட்டை நிறுத்தியதாலேயே அது ஏறியிருந்தால், அவசரமாக முழு மயக்கம் கொடுக்க வேண்டிய தேவையே இருக்காமல் போகலாம்.