அம்பாசிடர் பின்பக்க பட்டைக்கு புஷ் மாத்துறீங்களா, நட்ட எப்போ முறுக்கணும்னு தெரிஞ்சுக்கோங்க

என்கிட்ட இருக்கறது பழைய அம்பாசிடர். பின்பக்கம் ரெண்டு லீஃப் ஸ்பிரிங், அதான் நாம பட்டைன்னு சொல்றது, அதோட ரெண்டு முனையிலயும் ரப்பர் புஷ். ஒரு தடவ ஒர்க்‌ஷாப்ல விட்டு எல்லா புஷ்ஷும் புதுசா போட்டேன், ஆறு மாசம் கூட ஆகல, திரும்பவும் கீச்சு கீச்சுன்னு சத்தம், ஸ்பீட் பிரேக்கர் ஏறினா டொக்குன்னு ஒரு அடி. கழட்டி பாத்தா ரப்பர் ஒரு பக்கமா கிழிஞ்சு நார் நாரா இருக்கு. புஷ்ஷு டூப்ளிகேட்னு கடைக்காரர மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன், பாவம் அவர் மேல தப்பே இல்ல. வண்டிய தூக்கி வச்சு பட்டை தொங்கிட்டு இருக்கும்போதே நட்ட முழுசா முறுக்கி விட்டிருக்காங்க, மேட்டர் அவ்ளோதான்.

ஏன்னு சொல்றேன். இந்த புஷ்ல உள்ள ஒரு இரும்பு குழாய், வெளிய ஒரு இரும்பு குழாய், நடுவுல ரப்பர் ரெண்டையும் புடிச்சிட்டு இருக்கும். நட்ட டைட் பண்ணா உள் குழாய் பாடில இருக்கற பிராக்கெட்டோட இறுகி நின்னுடும், வெளி குழாய் பட்டையோட கண்ணுல, அதான் முனையில வளையமா சுருட்டி இருக்கற ஓட்டையில, இறுக்கமா உக்காந்திருக்கும், பட்டை மேல கீழ ஆடும்போது எதுவும் சுத்தாது, ரப்பர் மட்டும்தான் முறுக்கிக்கும். அப்போ நீங்க எந்த பொசிஷன்ல டைட் பண்றீங்களோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி அந்தரத்துல இருக்கறப்போ டைட் பண்ணிட்டு கீழ இறக்குனா, சும்மா நிக்கும்போதே ரப்பர் முறுக்குன துணி மாதிரி நிக்கும், அதுக்கு மேல பள்ளம் மேடுன்னா எவ்ளோதான் தாங்கும். நம்பலன்னா வண்டி தரையில நிக்கறப்போ பிராக்கெட்லேந்து பட்டைக் கண்ணு வரைக்கும் சாக்பீஸால ஒரே கோடா போடுங்க, அப்புறம் பின்பக்கத்த ஜாக்கி போட்டு தூக்கி பாருங்க, கோடு ரெண்டா பிரிஞ்சு நிக்கும். என் வண்டில ஒரு நெல்லு நீளத்துக்கு விலகிச்சு.

சரி வேலைக்கு வருவோம். முதல் நாள் ராத்திரியே எல்லா நட்டுக்கும் துரு விடுற ஆயில் அடிச்சு விட்டுடுங்க. பழைய வண்டின்னா இன்ச் ஸ்பேனர் தான், மில்லிமீட்டர் ஸ்பேனர வச்சு சமாளிக்கலாம்னு பாத்தா நட்டு தலை மழுங்கிடும். சமதரையில நிறுத்தி முன் வீலுக்கு கட்டை போட்டுட்டு, பட்டையோட முன் பிராக்கெட்டுக்கு கொஞ்சம் முன்னாடி பாடில பலமான இடமா பாத்து ஸ்டாண்டு வைங்க. ஜாக்கிய மட்டும் நம்பி அடியில போகாதீங்க, ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், அது சொல்லாம கொள்ளாம பொடிஞ்சிடும். ஆக்சிலுக்கு அடியில இன்னொரு ஜாக்கி வச்சு தாங்கிக்கோங்க, பிரேக் ஹோஸ்ல ஆக்சில் தொங்கக் கூடாது. ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம் மட்டும், மறுபக்கம் எப்படி இருக்குன்னு எட்டி பாத்துக்கலாம்ல.

ஷாக் அப்சார்பர் கனெக்‌ஷன், ஆக்சில பட்டையோட சேத்து புடிக்கற யூ போல்ட், பின்னாடி ஷேக்கிள் (பட்டையோட பின் முனைய பாடியோட சேக்கற, ஆடுற இணைப்பு), கடைசியா முன் போல்ட், இந்த வரிசையில கழட்டுங்க. போல்ட் வரலன்னா சுத்தியல தூக்காதீங்க, ஆக்சில் ஜாக்கிய கொஞ்சம் ஏத்தி இறக்கி பாருங்க, லோடு போச்சுன்னா கையாலயே சுத்தும்.

பழைய புஷ்ஷ எடுக்கறதுதான் உயிர எடுக்கும். சிலர் நெருப்பு வச்சு ரப்பர எரிப்பாங்க, அந்த புகையும் ஆகாது, பட்டையோட டெம்பரும், அதான் இரும்போட ஸ்பிரிங் தன்மையும், போயிடும். நான் ட்ரில் போட்டு ரப்பர சிதைச்சு உள் குழாய தட்டி எடுத்துட்டு, ஆக்ஸா பிளேட கண்ணுக்குள்ள விட்டு வெளி குழாய மட்டும் நீளவாக்குல அறுத்தேன், கண்ணுல பிளேடு பட்டுடாம பொறுமையா. அப்புறம் எமரி பேப்பர் போட்டு உள்ள வழவழன்னு ஆக்கிடுங்க.

புதுச ஏத்த பெரிய வைஸ் இருந்தா போதும். ஒரு பக்கம் வெளி குழாய் சைஸுக்கு ஒரு சாக்கெட், எதிர்பக்கம் அத விட பெருசா ஒண்ணு, நடுவுல பட்டைக் கண்ணு. நேரா போகுதான்னு முதல் கால் இன்ச் வரைக்கும் கண்ண எடுக்காம பாருங்க, கோணினா வெளிய எடுத்து திரும்ப ஆரம்பிங்க. வழுக்கறதுக்கு சோப்பு தண்ணி மட்டும், கிரீஸோ இன்ஜின் ஆயிலோ பட்டா ரப்பர் ஊறி உப்பிடும். ஷேக்கிள் பக்கம் ரெண்டு பாதியா வர்ற ரப்பர்னா கையாலயே அமுக்கிடலாம்.

திரும்ப மாட்டும்போது பட்டையோட நடு போல்ட் தலை ஆக்சில் சீட்டுல இருக்கற ஓட்டைக்குள்ள உக்காந்துச்சான்னு பாருங்க, இல்லன்னா ஆக்சில் கோணலா நிக்கும். எல்லா நட்டும் இப்போதைக்கு கையால சுத்துற அளவுதான். வீல மாட்டி கீழ இறக்கி, டிக்கிய புடிச்சு நாலஞ்சு தடவ நல்லா அமுக்கி விட்டு, வண்டிய ரெண்டு அடி முன்ன பின்ன தள்ளுங்க. பட்டை தன் இடத்துக்கு வந்துடும், இப்போதான் நட்ட எவ்ளோ இறுக்கறோம்னு அளவு காட்டுற டார்க் ரெஞ்ச எடுக்கணும், அளவு உங்க வண்டி மேனுவல்ல இருக்கறதுதான். அடியில போக இடம் இல்லன்னா ஸ்டாண்ட பாடில இருந்து எடுத்து ரெண்டு பக்கமும் ஆக்சிலுக்கு அடியில வைங்க, அப்பவும் பாடி வெயிட்டு பட்டை மேல தான் இருக்கும், விஷயம் அதுதான். பழைய நைலான் நட்ட திரும்ப போடாதீங்க, புதுசு வாங்கறதுக்கு என்ன ஆயிடப்போகுது.

பாலியூரித்தேன் புஷ்னா கதை வேற, அது குழாய் மேல சுத்துற டைப், முறுக்கிக்காது, ஆனா சிலிக்கான் கிரீஸ் போடாம மாட்டினா பல்லி மாதிரி கத்தும். ரோடு அதிர்வும் சீட்டுக்கு வரும். சோஃபா மாதிரி போற வண்டிக்கு எனக்கு ரப்பர் தான் புடிக்குது.

ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டினதும் யூ போல்ட்ட மட்டும் திரும்ப ஒரு தடவ டைட் பாருங்க, என்னுது ரெண்டு பக்கமும் கால் சுத்து எடுத்துச்சு.