செஞ்சிக்கோட்டை ஏறப் போறீங்களா, இதப் படிச்சிட்டு கிளம்புங்க
பாண்டிலேருந்து திண்டிவனம் வழியா செஞ்சி சுமார் 70 கிலோமீட்டர்தான், அதனால நிறைய பேர் சாவகாசமா டிபன் முடிச்சிட்டு கிளம்பி உச்சி வெயில்ல கோட்டையோட உயரமான மலை ராஜகிரி அடிவாரத்துல நிக்கிறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. மொத்தமும் மொட்டைப் பாறை, பத்து மணிக்கு மேல சூடு மேலேருந்தும் அடிக்கும் கீழேருந்தும் ஏறும். இருட்டோட கிளம்பி, கேட் திறந்ததும் முதல்ல ராஜகிரி ஏறிடுங்க, சுமார் 800 அடி உயரம், உச்சிக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு ஆழமான பாறைப் பிளவு வரும், அதுமேல சின்ன பாலம், அங்க நின்னு செல்ஃபிக்கு முண்டியடிக்க வேணாம். கோட்டையோட இன்னொரு மலை கிருஷ்ணகிரி இதவிட உயரம் கம்மி, தெம்பு இருந்தா மட்டும் அப்புறம் பாருங்க.

தண்ணி ஆளுக்கு மூணு லிட்டர். தாகம் எடுக்கறவரைக்கும் காத்திருக்காம அப்பப்ப ரெண்டு மடக்கு குடிங்க, ஒரு லிட்டர்ல மட்டும் ஒரு ஓஆர்எஸ் பாக்கெட் கலந்துக்குங்க, வேர்வையில உப்பும் போயிடுது இல்ல, வெறும் தண்ணி பத்தாது. எல்லாத்தையும் பைக்குள்ள போட்டு ஜிப் போட்டுடுங்க, கையில பிளாஸ்டிக் கவர் தெரிஞ்சா குரங்கு விடவே விடாது.

ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனா முட்டி போறது இறங்கும்போதுதான். படி உயரம் ஒண்ணுக்கொண்ணு மாறும், கால முழுசா ஊனி, முட்டிய லேசா மடக்கி, சைடா இறங்குங்க. தேஞ்ச செருப்பு வேணவே வேணாம்.

இடி சத்தம் கேட்டா உச்சியில நிக்காம உடனே இறங்கிடுங்க, மழை பேஞ்சா பாறை வழுக்கும், இடுக்குல தண்ணி வேகமா வரும், அந்தப் பக்கம் ஒதுங்காதீங்க.