பழைய கம்பெனி டேக் ரிப்போர்ட்டில் தப்பாக எழுதிவிட்டால்

அமெரிக்காவில் ட்ரக் ஓட்டுகிறவர் வேலை மாறும்போது, புதிய கம்பெனி முதலில் புரட்டுவது டேக் ரிப்போர்ட்டைத்தான். டிரைவரின் பழைய வேலை விவரங்கள் அடங்கிய இந்த அறிக்கையை வைத்திருப்பது ஹயர்ரைட் என்ற பின்னணி சரிபார்ப்பு நிறுவனம். அதில் ‘வண்டியை நடுவழியில் விட்டுப் போனார்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், போன் வராது. 12 மாதத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட் இலவசம். வேலை தேடும் முன்பே வாங்கிப் பாருங்கள்.

தப்பு இருந்தால் ஹயர்ரைட்டுக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். 30 நாளில் விசாரிக்க வேண்டும். நடுவில் புது ஆதாரம் கொடுத்தால் 45 வரை இழுக்கலாம். அதனால் எல்லாவற்றையும் முதல் கவரிலேயே வைத்துவிடுங்கள். ‘பொய்’ என்று மட்டும் எழுதினால், பழைய முதலாளி ‘சரிதான்’ என்று சொல்லிவிடுவார், கதை முடிந்தது.

புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டுப் பெற்ற, விபத்து போன்ற பாதுகாப்பு விவரங்களுக்கு வழி வேறு: 49 சிஎஃப்ஆர் 391.23 என்ற அமெரிக்க மத்திய அரசு விதி. நிராகரித்த 30 நாளுக்குள் புதிய கம்பெனியிடம் எழுத்தில் கேட்டால், 5 வேலை நாளில் நகல் தர வேண்டும். திருத்தச் சொல்லிப் பழைய கம்பெனிக்கு எழுதினால் 15 நாளில் திருத்தணும், இல்லை முடியாது என்று சொல்லணும். மறுத்தால் உங்கள் விளக்கத்தைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்தே ஆக வேண்டும்.

ஆதாரம் வேலையை விடும் அன்றே பிறக்கிறது. யார்டில் நிறுத்தியதும் யூனிட் நம்பர் (வண்டி எண்), ஓடோமீட்டர், காலியான கேபின், சாவி கொடுத்த இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். வண்டிகளை அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவின் மெசேஜையும் அப்போதே படம் பிடியுங்கள். கம்பெனி டேப்லெட்டை ஒப்படைத்த பிறகு கிடைக்காது.