கப்பெஸ்தேரைக் காற்றை வைத்துப் படியுங்கள்

கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் கையில் இருந்தால் கப்பெஸ்தேர்-பெல்-ஓ வட்டாரத்துக்குப் போய் வாருங்கள். புதுச்சேரிக்காரியான எனக்கு அங்கே போக வேறொரு காரணமும் இருந்தது.

முதலில் பெயர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டாம்பூச்சி வடிவத் தீவின் மேற்குச் சிறகுக்கு பாஸ்-தேர் என்று பெயர். பிரெஞ்சு தெரியும் என்ற மிதப்பில் ‘தாழ்நிலம்’ என்று நினைத்து, ரப்பர் செருப்போடு போய் இறங்கினேன். 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை நிற்பதே அங்கேதான்! அந்தப் பெயர் மாலுமிகள் பேச்சு: காற்றுக்கு மறைவான கரை அவர்களுக்கு ‘தாழ்வு’. அட்லாண்டிக் காற்று நேரே வந்து மோதும் கிழக்குக் கரைதான் கப்பெஸ்தேர். இந்த ஒன்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

அந்தக் காற்று மலையேறி மழையாகக் கொட்டுகிறது. அதனால் விடிந்ததும் கர்பே அருவிகளுக்குக் கிளம்புங்கள். நேரமானால் மேகம் மூடிவிடும். அருவிகள் மூன்று. 110 மீட்டர் விழும் இரண்டாவது போதும், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து 20 நிமிட நடைதான். 2004 நிலநடுக்கத்துக்குப் பின் பாறை சரியும் பயம் இருப்பதால் அடிவாரம் வரை போக ஆசைப்படாதீர்கள். பிடிப்புள்ள காலணி அவசியம். நான் இரண்டு முறை வழுக்கினேன்.

இறங்கும் வழியெங்கும் வாழைத் தோட்டம். எரிமலை மண்ணும் மழையும் இருந்தால் கேட்கவா வேண்டும்? ஆனால் 1972 முதல் 1993 வரை அடித்த குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்து மண்ணை விட்டுப் போகவில்லை. பழத்தில் ஏறாது, கிழங்கில் ஏறும். சாலையோரம் சேம்பு, சர்க்கரைவள்ளி வாங்குவதானால் எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

துய்மனுவார் சாலையில் வண்டியை மெதுவாக விடுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருபுறமும் அரசப்பனை, பண்ணை முதலாளி குடும்பத்தின் பெருமைக்கு வைத்தது. கரும்புக்கு உழைத்தவர்கள் அடிமைகள். 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும் முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடி இந்தியாவுக்கு வந்தார்கள். 1854 டிசம்பர் 24 அன்று ‘ஓரெலி’ கப்பல் முதல் கூட்டத்தை இறக்கியது. 1889க்குள் வந்தவர்கள் சுமார் 42,000 பேர், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் நிறைய.

கடைசியாக ஷான்ஜி கோயில். மாரியம்மன் இங்கே ‘மாலியேமின்’. அப்படி வந்தவர்களின் வழிவந்தவர்கள் பொருள் தெரியாமலே தமிழ்ப் பாட்டைத் தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், திருத்தப் போகாதீர்கள். இதே ஊரில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், இங்கேயே பிறந்த இந்தியர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி 1904இல் வழக்கில் இறங்கினார். முடிவு வர 1923 ஆகிவிட்டது.

கோயிலிலிருந்து நேரே சாப்பாட்டுக்குப் போங்கள். ‘கொலொம்போ’ என்ற மசாலாக் குழம்பு கேளுங்கள். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு எல்லாம் இருக்கும். காரத்தை மட்டும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.